சவப்பெட்டிக்காரி கேட்ட வோட்டு

மேரிறோஸ் செபஸ்தியாம்பிள்ளையைப் பற்றி லண்டன் தமிழர்களிடம் கேட்டால் ஆளுக்கொரு கதை சொல்வார்கள். பாதி புழுகு. மீதிப் பாதியைச் சொல்கிறவர்கள் அவருடைய வாசலில் ஒருநாளும் மழைக்குக்கூட ஒதுங்காதவர்கள். நான் கலாவதி. மனோர் பார்க்கில் ஒரு நகைக்கடைக்கு மேலே இருந்த அவருடைய சட்ட அலுவலகத்தில், தொலைபேசியை எடுப்பதும் வருகிறவர்களை இருத்துவதும் தேவைப்பட்டால் ஏசுவதும் என் வேலை. அவர் முதலில் சொலிசிற்றர், பிறகு கவுன்சிலர், அதற்கும் பிறகு சவப்பெட்டி செய்கிறவர். எங்கள் சனம் இந்த மூன்றையும் வரிசையாகச் சொல்லிக்கொண்டு வந்து மூன்றாவதில் குரலைத் தாழ்த்தும். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். நான் தாழ்த்தப் போவதில்லை.

பேசாலைக் கத்தோலிக்கக் குடும்பம். சண்டை துரத்த, பள்ளிக்கூடச் சட்டையோடு மன்னாரை விட்டுக் கிளம்பியவர். லண்டனில் பகலில் பெற்றோல் ஸ்ரேசனில் கல்லாவில் நின்றார், பின்னேரங்களில் சட்டம் படித்தார். கலியாணம் கட்டவில்லை. "ஏன் பிள்ளை கட்டேல்லை?" என்று பூராயம் கேட்கிற கிழவிகளிடம், "நல்ல மாப்பிள்ளை ஆரும் தெரிஞ்சால் சொல்லுங்கோ ஆச்சி, எனக்கில்லை, உங்களுக்கு" என்பார். அதற்குப் பிறகு ஒரு கிழவியும் கேட்பதில்லை.

அகதி வழக்குகள்தான் அவருக்குச் சோறு போட்டன. எங்கள் ஆட்களுக்கு ஒரு விசர்ப் பழக்கம் இருந்தது. தன் கதை காணாது, அது போதாது என்று நினைத்து, இன்னொருவன் பட்ட அடியை விலைக்கு வாங்கிக்கொண்டு வருவார்கள். டினேஷ் அப்படித்தான் வந்தான். மன்னாரில் தச்சு வேலை செய்தவன், நோர்வேயில் வழக்குத் தோற்று இங்கே வந்து சேர்ந்தவன். யாரோ எழுதிக்கொடுத்த கதையைப் பாடமாக்கி ஒப்புவித்தான். மேரிறோஸ் பேனையைக் கீழே வைத்துவிட்டு அவனுடைய கைகளைப் பார்த்தார்.

"உந்தக் கதையில நீர் பாங்க் கிளாக். கையைப் பார்த்தால் உளி பிடிச்ச கை. ஆரைப் பேய்க்காட்டுறீர்?"

அவன் அழத் தொடங்கினான்.

"அழாதையும். உம்மட சொந்தக் கதையே காணும். மற்றவன் வாங்கின அடியை நீர் ஏன் வாங்கிறீர்?"

பொய்க் கதையைக் குப்பைத்தொட்டியில் போட்டார். உண்மைக் கதையை எழுதி வழக்காடினார், வென்றார். அவருடைய வழி எப்போதும் அதுதான். உள்ளதைச் சொல்லு, சொல்லிவிட்டு அசையாமல் நில்லு.

ஆனால் வழக்கில் வென்றவர்கள் போய்ப் படுத்த அறைகளில் பூஞ்சணம் பிடித்திருந்தது. கைக்குழந்தைகள் இருமின. மேரிறோஸ் கவுன்சிலுக்குக் கடிதத்துக்கு மேல் கடிதம் எழுதிப் பார்த்தார். ஒருநாள் மேசையில் அடித்து, "வெளியில நிண்டு கத்தி வேலையில்லை கலா, உள்ளுக்குப் போய்க் கத்தவேணும்" என்றார். ஒரு கட்சியின் பேரில் தேர்தலில் நின்றார். எந்தக் கவுன்சில் என்று கேட்காதீர்கள். சொன்னால் எனக்குத்தான் கடிதம் வரும்.

அந்தத் தேர்தலில் அவரைத் தோளில் தூக்காத குறையாகக் கொண்டு திரிந்தவர் கிருஷ்ணராசா அண்ணை. பிரான்சில் கடை வைத்திருந்துவிட்டு லண்டனுக்கு மாறி, பெரிய கலியாண மண்டபம் ஒன்று நடத்துகிறவர். கோயில் சபை, ஊர்ச் சங்கம், பழைய மாணவர் சங்கம் எல்லாவற்றிலும் அவருக்கு ஒரு கதிரை இருக்கும். அவர் ஒரு வீட்டு வாசலில் நின்று "இது எங்கட பிள்ளை" என்றால் அந்த வீட்டில் உள்ள அத்தனை பேரும் வோட்டுச் சீட்டில் புள்ளடி போடுவார்கள். மேரிறோஸ் நல்ல வித்தியாசத்தில் வென்றார். நான்கு வருடத்தில் எத்தனை வீட்டுப் பூஞ்சணத்தைச் சுரண்டுவித்தார் என்று சொல்லத் தொடங்கினால் எனக்கு வாய் நோகும்.

அந்த நான்கு வருடத்தின் நடுவில்தான் அந்தச் செத்தவீடு வந்தது.

எங்கள் ஆள் ஒருவர் தனி அறையில் செத்துக்கிடந்தார். சொந்தம் என்று யாரும் இல்லை. அப்படிச் செத்தால் அடக்கச் செலவைக் கவுன்சில்தான் பார்க்கும். கவுன்சிலர் என்ற முறையில் மேரிறோஸ் போனார், துணைக்கு நானும் போனேன். பங்குச் சுவாமியையும் சேர்த்து மூன்று பேர், பெட்டிக்குள் ஒருவர். செத்தவர் சைவமோ கிறிஸ்தவ வேதமோ ஒருவருக்கும் தெரியாது. எதற்கும் இருக்கட்டும் என்று வாய்க்கரிசிக்கு ஒரு பிடி அரிசி கொண்டுபோயிருந்தேன்.

"எங்கட ஆக்கள் முகம் பாத்துத்தான் அனுப்புறவை. மூடியைத் திறவுங்கோ" என்று மேரிறோஸ் ஆங்கிலத்தில் கேட்டார். அடக்கம் செய்கிற கொம்பனிக்காரர் முணுமுணுத்துக்கொண்டு ஸ்குரூவைக் கழற்றினார். கடவுளே, நான் ஏன் பார்த்தேன்! அவ்வளவு ஒடுக்கமான பெட்டி. அகன்ற தோள்காரன் அந்த மனிதன். இரண்டு தோளையும் முன்னுக்கு மடக்கித் திணித்திருந்தார்கள். ஒரு கை முதுகுக்குக் கீழே மாட்டிக்கொண்டிருந்தது. பெட்டி வைத்திருந்த தள்ளுவண்டியோ என் நெஞ்சு உயரம். எட்டி அரிசி போட்டேன், பாதி நிலத்தில் கொட்டியது.

"ஸ்ராண்டேர்ட் சைஸ், மடம்" என்றார் அந்த ஆள்.

"ஆரின்ர ஸ்ராண்டேர்ட்?" என்று மேரிறோஸ் தமிழிலேயே கத்தினார். அந்த ஆளுக்கு விளங்கியிருக்காது. ஆனால் ஓரடி பின்னுக்குப் போனார்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அவர் அழுதார். அழுததை நான் கண்டது அந்த ஒருமுறைதான். "உயிரோட இருக்கேக்க கையை விரிக்க இடம் குடுக்கேல்லை. செத்த பிறகும் குடுக்கமாட்டினமோ?" என்றார். அடுத்த கிழமை டினேஷைக் கூப்பிட்டு, "சவப்பெட்டி அடிப்பீரோ?" என்று கேட்டார். அவன் வெருண்டு போனான். பிறகு, "அக்கா சொன்னால் கப்பலும் அடிப்பன்" என்றான்.

இப்படித்தான் பார்க்கிங் என்கிற ஊர்ப் பக்கம் ஒரு தொழிற்பேட்டையில் அவருடைய பட்டறை தொடங்கியது. தோளுக்கு இடம் விட்ட பெட்டி. ஒரே துண்டாகப் பக்கவாட்டில் திறக்கிற மூடி. நெய்ப்பந்தம் பிடித்துச் சுற்றுகிற பேரப்பிள்ளைகளுக்கும் குனிய முடியாத கிழவிகளுக்கும் எட்டுகிற மாதிரிப் பதிந்த தள்ளுவண்டி. வேதக்காரருக்கு மூடியில் மரச்சிலுவை. ஆறு பேர் தூக்கினாலும் கையை வெட்டாத மரப்பிடி. தான் கவுன்சிலர் என்பதால் கவுன்சிலுக்கு ஒரு பெட்டிகூட விற்கமாட்டேன் என்று முதல் நாளே எழுதிக் கொடுத்தார். அளவுகளை மட்டும் அந்தக் கொம்பனிக்கு இலவசமாக அனுப்பினார். காலையில் வழக்கு, பின்னேரம் பட்டறை, இரவில் கவுன்சில் கூட்டம். நான் முதல் மாதம் பட்டறைக்குப் போய்வந்தால் தலை முழுகிவிட்டுத்தான் தேத்தண்ணி குடித்தேன். பிறகு குளிர்காலம் வந்தது, தலை முழுகுவதை விட்டுவிட்டேன். எனக்கு ஒன்றும் நடக்கவில்லை.

சவுத்தாலில் இருந்தும் வெஸ்ட் ஈலிங்கில் இருந்தும்கூடக் கேட்டு வந்தார்கள். ஆனால் எங்கே வாங்கினோம் என்று ஒருவரும் வெளியே சொல்லவில்லை. கலியாணங்களுக்கு அவரைக் கூப்பிடுவது நின்றது. கூப்பிட்டவர்களும், "அக்கா, தாலி கட்டின பிறகு வாங்கோவன்" என்றார்கள். அவர் போய்ச் சாப்பிட்டுவிட்டு வருவார்.

அடுத்த தேர்தலுக்குக் கட்சி ஆள் தெரிவுசெய்யும் காலம் வந்தபோது கிருஷ்ணராசா அண்ணை அலுவலகத்துக்கு வந்தார். கதிரையில் இருக்கவில்லை. நான் கொடுத்த தேத்தண்ணியையும் தொடவில்லை.

"பிள்ளை, உந்தப் பெட்டி வேலையை விடும்."

"ஏன் அண்ணை?"

"விடியக்காலமை வீட்டு வாசலில வந்து நிக்கிறவ சவப்பெட்டி செய்யிறவ எண்டால் ஆர் கதவு திறப்பினம்? எங்கட சனத்தை உமக்குத் தெரியாதே? விடவேண்டாம், சரி. டினேஷின்ர பேருக்கு மாத்தும். காசு உமக்குத்தானே வரப்போகுது. நீர் சட்டம் படிச்சனீர், ஒரு கையெழுத்தில முடிஞ்சிடும்."

அவர் சொன்னதில் சூது இல்லை. நிச்சயமாகத் தோற்றுவிடுவாள் என்று பயந்துதான் சொன்னார். ஆனால் சொன்ன இடம் பிழை.

"ஒளிக்கிறதுக்கு நான் என்ன கள்ளச்சாராயமே காய்ச்சிறன்?" என்றார் மேரிறோஸ். "என்ர பேரிலதான் இருக்கும் அண்ணை. தேத்தண்ணி ஆறுது, குடியுங்கோ."

அவர் குடிக்காமல் போனார். ஆள் தெரிவுசெய்யும் கூட்டம் அவருடைய மண்டபத்திலேயே நடந்தது. கட்சியில் எல்லாச் சாதிசனமும் உண்டு: வெள்ளை, கறுப்பு, வங்காளி, நாங்கள். முன்வரிசை முழுக்க அண்ணையின் ஆட்கள். அவர் எழும்பி, கனிந்த குரலில், தமிழில் கேட்டார்.

"தங்கச்சி, நீர் படிச்ச பிள்ளை. நான் ஒண்டுதான் கேக்கிறன். இது எங்கட ஆக்கள் செய்யிற வேலையே?"

அந்தக் கேள்வியின் வயிற்றுக்குள் என்ன இருந்தது என்று அங்கே இருந்த எல்லாத் தமிழருக்கும் தெரியும். ஊரில் செத்தவீட்டு வேலைகளை எவர் தலையில் கட்டி, எவரை வாசலுக்கு வெளியே நிறுத்தி வைத்தார்கள் என்பதுதான் அது. லண்டனில் அதை வாய்விட்டுச் சொல்லமாட்டார்கள், இப்படித்தான் கேட்பார்கள்.

மேரிறோஸ் எழும்பினார். "எந்த ஆக்கள் செய்யிற வேலை அண்ணை?"

"உமக்குத் தெரியாததே..."

"தெரியாது. சொல்லுங்கோ. பேரைச் சொல்லுங்கோ. இஞ்ச தமிழ் தெரியாத ஆக்களும் இருக்கினம், நான் இங்கிலீசில மாத்திச் சொல்லுறன். எந்த ஆக்கள்?"

தலைமை தாங்கிய வெள்ளைக்காரப் பெண் என்ன பிரச்சினை என்று கேட்டார். "ஒண்டுமில்லை" என்று மேரிறோஸ் ஆங்கிலத்தில் சொன்னார். "அவர் ஒரு சொல்லைத் தேடுறார். வாய்க்குள்ள இருக்கு, வெளியில வருகுதில்லை."

கை உயர்த்தச் சொன்னார்கள். தோற்றோம். அண்ணையின் மருமகன் நிரூபனுக்குக் கட்சி இடம் கிடைத்தது. நல்ல பெடியன்தான், சிரிக்கத் தெரியும். மேரிறோஸ் அடுத்த நாளே சுயேச்சையாக நிற்கப்போவதாக அறிவித்தார். நோட்டீஸில் முதல் வரியே இது: சொலிசிற்றர், கவுன்சிலர், சவப்பெட்டி செய்பவர். "மூண்டாவதைக் கொஞ்சம் கீழ போடுவமோ அக்கா?" என்று கேட்டேன். பார்த்த பார்வையில் வாயைப் பொத்திக்கொண்டேன்.

வீடு வீடாகப் போனோம். ஐயோ, அந்தக் கூத்தை என்ன சொல்ல! ஒருவர் வேலைக்கு வெளிக்கிட்டு வந்தவர், எங்களைக் கண்டதும் திரும்ப உள்ளே போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தார். இன்னொரு வீட்டில் யன்னல் சீலை அசைந்தது, கதவு அசையவில்லை. பாமா வீட்டில்தான் எனக்குத் தலைக்கேறியது. பாமாவின் தகப்பனார் போன வருடம் மோசம் போனபோது எங்கள் பெட்டியில்தான் கிடத்தினார்கள். அன்றைக்கு மேரிறோஸின் கையைப் பிடித்து, "அப்பா நித்திரை கொள்ளுற மாதிரியே இருக்கிறார் அக்கா" என்று அழுதவள். இப்போது கதவைப் பாதி திறந்து கிசுகிசுத்தாள்.

"அக்கா, வோட்டு உங்களுக்குத்தான். ஆனால் மகளுக்குச் சம்பந்தம் பேசுறம். படி ஏறாதேங்கோ."

"சரி பாமா" என்று மேரிறோஸ் படியிலிருந்து இறங்கினார். நான் தெருமுனை வரைக்கும் வாய் ஓயாமல் திட்டிக்கொண்டு வந்தேன். அவர் அடுத்த தெருவின் வீட்டுப் பட்டியலைப் பார்த்துக்கொண்டு நடந்தார். ஆனால் அன்றைக்கு மத்தியானம் சாப்பிடவில்லை.

நிலைமை இப்படி இருக்கும்போது சித்திரை வருடப்பிறப்பு வந்தது. அன்று காலையில் என் தொலைபேசி வெடிக்காத குறை.

நடந்தது இதுதான். கிருஷ்ணராசா அண்ணை தன் பங்குக்கு ஒரு நோட்டீஸ் அடித்திருந்தார். பட்டறையில் மேரிறோஸ் ஒரு பெட்டிக்குப் பக்கத்தில் நிற்கிற படம், பெரிதாக, கலரில். மேலே, "இவவோ எங்கட பிரதிநிதி?" வருடப்பிறப்பு அன்றைக்குத் தமிழர் எல்லாரும் வீட்டில் நிற்பார்கள், ஒருவரும் தவறமாட்டார்கள் என்று கணக்குப் போட்டு, விளம்பரம் போடுகிற வெள்ளைக்காரப் பெடியன்களிடம் கொடுத்து, விடியவே எல்லாத் தமிழ் வீட்டுக் கடிதத் துவாரத்துக்குள்ளும் தள்ளுவித்துவிட்டார். பஞ்சாங்கம் பார்க்காமல் மண்டபத்தின் மின்குமிழைக்கூட மாற்றாத மனுசன்! மருத்துநீர் வைத்து முழுகி, புதுச்சட்டை போட்டு, கோயிலுக்குப் போகக் கதவைத் திறந்த சனத்தின் காலடியில் கிடந்தது என்ன? சவப்பெட்டி.

கோதாரி! கிழக்கு லண்டன் முழுக்க அண்ணையைத் திட்டியது. "நல்ல நாளும் அதுவுமா வீட்டுக்குள்ள பிரேதப்பெட்டியைத் தள்ளின நாசமறுப்பான் ஆர்?" என்று கேட்டவர்களுக்கு நானே பெயரை எடுத்துக் கொடுத்தேன். கைவிசேஷக் காசைக் கொடுக்காமல் பிள்ளைகளைத் திரும்ப முழுக வைத்த வீடுகளும் உண்டு. மண்டபத்தில் இரண்டு கலியாணம் ரத்தானது. எனக்குச் சந்தோசம் தாங்கவில்லை. உடனே உட்கார்ந்து ஒரு நோட்டீஸ் எழுதினேன். "வருடப்பிறப்பில் உங்கள் வாசலில் சவப்பெட்டியைப் போட்டவருக்கா உங்கள் வோட்டு?" அச்சுக்காரனிடம் விலையும் பேசிவிட்டேன். இது போனால் எங்களுக்குத்தான் வெற்றி, ஒரு சந்தேகமும் இல்லை.

மேரிறோஸ் அதை இரண்டு முறை வாசித்தார்.

"வேண்டாம்."

"அக்கா, மண்டை பிழையோ உங்களுக்கு? வெண்டிடுவம்!"

"வெல்லுவம். எப்பிடி? என்ர பெட்டி மூதேவி, அது வாசலுக்கு வந்தால் தரித்திரம் எண்டு நானே அடிச்சுக் குடுத்து வெல்லுவம். கிருஷ்ணராசா அண்ணை சொன்னதைத்தானே நீர் திருப்பிச் சொல்லச் சொல்லுறீர்?"

"ஒருக்காச் சொன்னால் என்ன? பிறகு கதிரையில இருந்துகொண்டு நல்லது செய்யலாம்தானே?"

"டினேஷ் பட்டறையில நிக்கிறான். போய் அவனுக்கு வாசிச்சுக் காட்டும், பாப்பம்."

நான் போகவில்லை. அழுகை வந்துவிட்டது எனக்கு. கைக்குள் வந்த கதிரையை இப்படித் தட்டிவிடுகிறாரே என்று கோபத்தில் அழுதேன்.

அதோடு விட்டாரா? அண்ணையின் நோட்டீஸ் ஒன்றையே கையில் எடுத்துக்கொண்டு திரும்ப வீடு வீடாகப் போனார். முதலில் பாமா வீடு. இந்த முறை பாமா கதவை அகலத் திறந்தாள்.

"உள்ளுக்கு வாங்கோ அக்கா! அந்த மூதேசி செய்த வேலையைப் பாத்தியளே? மகளின்ர சம்பந்தக்காரர் அண்டைக்கு வாறதா இருந்தது. எங்கட முழுச் சொந்தமும் உங்களுக்குத்தான் புள்ளடி, சத்தியமா."

நான் மேரிறோஸின் முழங்கையைக் கிள்ளினேன். "ஓம் எண்டு சொல்லுங்கோ" என்று அர்த்தம்.

அவர் நோட்டீஸை நீட்டினார். "இதுக்காக எனக்குப் போடாதையும் பாமா. இதில என்ன பிழை கிடக்கு? நல்ல பெட்டி. படம்தான் வடிவா எடுக்கேல்லை."

"என்னக்கா கதைக்கிறியள்? வருசப்பிறப்பில..."

"உம்மட அப்பா படுத்த பெட்டி இது. இதே மரம், இதே அளவு. அப்பாவை நீர் மூதேவிக்குள்ளயே கிடத்தினீர்?"

பாமாவின் முகம் சுருங்கியது. பிறகு எங்கள் முகத்துக்கு நேரே கதவை அடித்துச் சாத்தினாள். உள்ளே அவள் அழுவது வெளியில் கேட்டது. இப்படி எத்தனை கதவு! சிலர் வாயைப் பிளந்து நின்றார்கள், சிலர் "உங்களுக்கு விசர்" என்றார்கள். கிருஷ்ணராசா அண்ணை மேலிருந்த கோபம் மெல்ல மெல்ல எங்கள் மேல் திரும்புவதை நான் கண்ணால் பார்த்தேன்.

மே மாதம் தேர்தல். வாக்குச்சாவடிக்கு வெளியே மேரிறோஸும் நானும் ஒரு பக்கம், அண்ணையும் நிரூபனும் அவர்களின் ஆட்களும் மறுபக்கம். தமிழ்ச் சனம் வரும்போது எங்கள் பக்கம் பார்க்காமல் நிலத்தைப் பார்த்துக்கொண்டு போகும். மத்தியானம் பாமா வந்தாள், மகளையும் கூட்டிக்கொண்டு. அண்ணையின் ஆட்கள் "வாங்கோ வாங்கோ" என்றார்கள். பாமா அவர்களைத் தாண்டி நேரே எங்களிடம் வந்தாள். எல்லாரும் பார்க்க மேரிறோஸின் இரண்டு கையையும் பிடித்தாள்.

"அண்டைக்குக் கதவைச் சாத்திப்போட்டன் அக்கா."

"ஓம், மூக்கில பட்டிருக்கும்" என்றார் மேரிறோஸ்.

பாமா அழுகையோடு சிரித்தாள். மகளிடம், "இவதான் அம்மப்பாவின்ர பெட்டி செய்தவ" என்று உரத்துச் சொன்னாள். சொன்னது மறுபக்கம் வரைக்கும் கேட்டது. மேரிறோஸ் முகத்தைத் திருப்பிக்கொண்டு கையிலிருந்த நோட்டீஸ்களை அடுக்கத் தொடங்கினார்.

ஆனாலும் தோற்றோம். ஒரு பஸ்ஸில் ஏற்றக்கூடிய அளவு சனம்தான் குறைவு. என் நோட்டீஸ் போயிருந்தால் இரண்டு பஸ் சனம் வந்திருக்கும், அதை இன்றைக்கும் அடித்துச் சொல்வேன். வாக்கு எண்ணிய மண்டபத்தில் நிரூபனைத் தூக்கி வைத்துக் கூத்தாடினார்கள். எனக்கு அங்கே நிற்கவே பிடிக்கவில்லை. அப்போது கிருஷ்ணராசா அண்ணை தன் ஆட்களை விட்டுவிட்டு எங்களிடம் வந்தார். முகத்தில் வெற்றிக் களை இல்லை, களைப்புத்தான் இருந்தது.

"நான் அப்பவே சொன்னனான் பிள்ளை" என்றார். "உந்தப் பெட்டியை விட்டிருந்தால் இண்டைக்கு நீர்தான் கவுன்சிலர்."

"ஓம் அண்ணை. விட்டிருந்தால் வெண்டிருப்பன்."

மேரிறோஸ் அவரைத் தலையிலிருந்து கால் வரைக்கும் ஒருமுறை பார்த்தார். பட்டறையில் உறவினர்கள் அளவு சொல்லும்போது, கண்ணுக்குள் ஆளை நிறுத்திப் பார்ப்பாரே, அந்தப் பார்வை.

"அஞ்சடி ஒன்பது வருவியளோ அண்ணை? தோள் நல்ல அகலம் உங்களுக்கு."

அண்ணையின் முகம் வெளிறியது. சுற்றி நின்றவர்களின் சிரிப்பும் நின்றது.

"பயப்பிடாதேங்கோ" என்றார் மேரிறோஸ். குரலில் நக்கல் துளியும் இல்லை. "உங்களுக்கும் நான் ஒடுக்கமாச் செய்யமாட்டன்."

நான் மேரிறோஸின் கோட்டை எடுத்துக் கொடுத்தேன். அடுத்த நாள் காலை இரண்டு பெட்டி போகவேண்டியிருந்தது, நேரே பட்டறைக்குப் போனோம்.